கடலோரத்துப் பழைய ரைபிள்: தரத்தை எங்கே பார்ப்பது?

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் ஒரு பழைய வேட்டை ரைபிள் கைமாறப் போகிறது என்றால் பேச்சு கம்பெனிப் பெயரில்தான் தொடங்கும். இங்கிலீஷ் பீஸ், ஜெர்மன் மேக், மேற்கு வங்கத்து இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்ததுதான் ஆனால் அந்தக் காலத்து இஷாப்பூர் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். பெயருக்கு மதிப்பு உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் ஐம்பது, அறுபது வருடம் இந்தக் கடற்கரைக் காற்றில் கிடந்த ரைபிள் இன்றைக்கு நேராகச் சுடுமா என்பதை அதைச் செய்தவரைவிட வைத்திருந்தவர்தான் தீர்மானித்திருக்கிறார். சுட்ட அன்றே பேரலை (குழலை)க் கழுவினாரா, மழைக்காலத்தில் உறையிலிருந்து வெளியே எடுத்து வைத்தாரா, எந்தக் கம்பியை எந்தப் பக்கத்திலிருந்து விட்டுத் துடைத்தார் என்பதெல்லாம் இரும்பிலும் மரத்திலும் பதிந்திருக்கும். அதைப் படிக்கத் தெரிந்தால் ரைபிளின் தரம் முக்கால்வாசி தெரிந்துவிடும். மீதிக் கால்வாசிக்குச் சுட்டுப் பார்க்க வேண்டும்.

இத்தகைய ரைபிள்கள் இன்னும் கைமாறிக்கொண்டிருப்பதற்குக் காரணம் சட்டத்தில் இருக்கிறது. 1972ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடும் 1991ல் வந்த அதன் திருத்தத்தோடும் வேட்டை முடிந்துபோனது. துப்பாக்கிகள் மட்டும் லைசென்ஸோடு வீடுகளிலேயே தங்கிவிட்டன. 2016ம் ஆண்டு ஆயுத விதிகளின்படி உரிமையாளர் இறந்த பிறகு வாரிசு தன் பெயருக்கு லைசென்ஸ் கேட்கலாம். உரிமையாளருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ, அந்த ஆயுதத்தை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றித் தரவும் வழியுண்டு. அப்புறம் 2019ல் வந்த திருத்தம், ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. பரம்பரைச் சொத்தாக வந்ததும் அந்த இரண்டுக்குள்தான் அடங்க வேண்டும். மூன்று வைத்திருந்தவர் ஒன்றைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். எதைக் கொடுப்பார்? கையில் அதிகம் எடுக்காததை, தோட்டா கிடைக்காததை, தாத்தா காலத்து ரைபிளை.

வாங்குபவர் எதற்கு வாங்குகிறார் என்பதிலும் தெளிவு வேண்டும். கரும்பையும் மணிலாவையும் காட்டுப்பன்றி புரட்டிப் போட்டாலும், லைசென்ஸ் கையில் இருக்கிறதே என்று தனி ஆள் சுட்டுவிட முடியாது. அதை முடிவு செய்வதும் செய்வதும் வனத்துறை. ஆக, இன்று வேட்டை ரைபிள் என்ற பெயர் அதன் வம்சத்தைத்தான் குறிக்கிறது. ரேஞ்சில் இலக்கைப் பார்த்துச் சுடுவதும், குடும்பச் சொத்தாக நல்ல நிலையில் வைத்திருப்பதும்தான் அதற்கு மிச்சமிருக்கும் வேலை. இரண்டுக்குமே அதன் உண்மையான நிலை தெரிந்தாக வேண்டும்.

உப்பு உள்ளே இருக்கிறது

கடற்கரை ஊர்களில் துருவுக்குக் கடல்காற்றைக் குற்றம் சொல்வது வழக்கம். வெளியே பிடிக்கும் துருவுக்கு அது சரி. பேரலின் உள்ளே நடப்பது வேறு கதை. பழைய தோட்டாக்களின் அடியில், ஊசி அடித்ததும் வெடிமருந்தைப் பற்றவைக்கும் கேப்பில் பொட்டாசியம் குளோரேட் கலந்திருந்தது. வெடித்ததும் அது பொட்டாசியம் குளோரைடாக மாறிப் பேரலுக்குள் மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்ளும். அதுவும் ஒரு வகை உப்புதான். ஐப்பசி மழையில் அடுப்படி உப்பு ஜாடி கசிவதைப்போல இதுவும் கசியும். காற்றில் ஈரப்பதம் சுமார் 84 சதவீதத்தைத் தாண்டினால் இந்த உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடலூர் தேவனாம்பட்டினத்திலோ புதுச்சேரி வைத்திக்குப்பத்திலோ ராத்திரியில் ஈரப்பதம் அந்த அளவைத் தொடுவது சாதாரண விஷயம். இரவில் கரைந்து இரும்பை அரிக்கும், பகலில் காயும், மறுபடி இரவில் கரையும். காற்று வறண்ட ஊரில் ஒரு வருடத்தில் ஆகும் சேதம் இங்கே சில வாரங்களில் ஆகிவிடும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். சுட்டு முடித்ததும் பேரலுக்குள் எண்ணெயைத் தடவி அக்கறையாக உறையில் போட்டு வைத்த வீட்டு ரைபிள், உள்ளே எண்ணெய்க்கு அடியில் அரித்துக்கொண்டே இருந்திருக்கும். கொதிக்கக் கொதிக்க வெந்நீரை ஊற்றிக் கழுவி, சூடு ஆறுவதற்குள் துடைத்து, அதன் பிறகு எண்ணெய் போட்ட வீட்டு ரைபிள் இன்றைக்கும் பளபளக்கும். அக்கறை இரண்டு வீட்டிலும் ஒன்றுதான், செய்முறைதான் வேறு. ஜெர்மனியில் 1928லேயே அரிக்காத சினாக்சிட் கேப் விற்பனைக்கு வந்துவிட்டது. ஆனாலும் பழைய வகைத் தோட்டாக்கள் அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் புழக்கத்தில் இருந்தன. எனவே சுதந்திரத்துக்கு முந்தைய ரைபிள் எதுவாக இருந்தாலும், அது அரிக்கும் கேப்பைச் சுட்டிருக்கும் என்று எடுத்துக்கொண்டே பார்க்கத் தொடங்க வேண்டும்.

பார்ப்பது எப்படி? முதலில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்ய வேண்டும். பேரலின் பின்பக்கத்தை அடைத்துப் பூட்டும் போல்ட்டை எடுத்துவிட்டு, எண்ணெய் முழுவதையும் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். எண்ணெய்ப் படலம் குழிகளை மறைத்துப் பொய்யான பளபளப்பைத் தரும். விற்பவர் அதை வேண்டுமென்றே செய்திருப்பார் என்றில்லை, ஆனால் விளைவு ஒன்றுதான். பிறகு தோட்டா உட்காரும் சேம்பர் பக்கம் ஒரு வெள்ளைத் தாளைச் சாய்த்துப் பிடித்து, அதில் வெளிச்சம் விழும்படி செய்து, வாய்ப்பக்கமிருந்து பார்க்க வேண்டும். டார்ச்சை நேராக அடித்தால் கண் கூசும், குழி தெரியாது. சாய்ந்த வெளிச்சத்தில் குண்டைச் சுழலவிடும் ரைஃப்ளிங் வரிகளின் விளிம்பு கத்தி போல் நிற்கிறதா, மழுங்கி இருக்கிறதா என்று தெரியும்.

உள்ளே கருப்பாகத் தெரிந்தால் உடனே ஒதுக்கிவிட வேண்டாம். பல பழைய பேரல்களில் கருமையாகத் தெரிவது குண்டின் மேலுறை விட்டுப்போன செம்புப் படிவமும் பழைய மருந்துக் கரியும்தான். அமோனியா கலந்த கிளீனரை நனைத்த துணி வாய்ப்பக்கமாக நீலப்பச்சை நிறத்தில் வெளியே வந்தால், அது கரைந்து வரும் செம்பு. இரண்டு மூன்று நாள் பொறுமையாக எடுத்தபின் அடியில் நல்ல பேரல் இருந்ததைக் கண்டவர்கள் உண்டு. உள்ளே முழுக்க மணல் தாள் போலச் சீராகச் சொரசொரத்துப் போன பேரல்கூட வரிகள் கூர்மையாக இருந்தால் ஒழுங்காகச் சுடும். அடிக்கடி செம்பு படியும், அடிக்கடி கழுவ வேண்டும், அவ்வளவுதான். நான் அஞ்சுவது அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும் ஆழமான குழிகளுக்குத்தான். அதிலும் அவை பேரலின் முதல் ஒரு அங்குலத்திலோ கடைசி ஒரு அங்குலத்திலோ இருந்தால் விலை பேசுவதையே நிறுத்திவிடலாம்.

முதல் அங்குலமும் கடைசி அங்குலமும்

குண்டு பித்தளைக் கூட்டை விட்டு வரிகளுக்குள் நுழையும் இடம் ஒன்று, பேரலை விட்டு வெளியேறும் இடம் ஒன்று. துல்லியத்தைக் கெடுக்கும் தேய்மானம் பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களில்தான் நடக்கும். நுழையும் இடத்தைத் தேய்ப்பது மருந்தின் சூடு. பழைய பிரிட்டிஷ் தோட்டாக்களில் இருந்த கார்டைட் மிகச் சூடாக எரியும் வெடிமருந்து, அதை அதிகம் சுட்ட ரைபிளில் சேம்பருக்கு முன்னால் வரிகள் தேய்ந்து சாம்பல் பூத்ததுபோல் இருக்கும். ஆனால் நம் பக்கத்து வேட்டை ரைபிள்கள் வாழ்நாளில் சுட்ட தோட்டா குறைவு. அங்கே பெரும்பாலும் பிரச்சினை இருக்காது.

வாய்ப்பக்கம்தான் சிக்கல். அதைக் கெடுப்பது சுடுதல் அல்ல, துடைத்தல். போல்ட்டைக் கழற்றிச் சேம்பர் பக்கமிருந்து கம்பி விடத் தெரியாமல், வாய்ப்பக்கமிருந்தே இரும்புக் கம்பியை விட்டு இழுத்திருப்பார்கள். அல்லது கயிற்றில் துணியைக் கட்டி ஒரு பக்கமாகச் சாய்த்து இழுத்திருப்பார்கள். கடற்கரை மணல் துகள் ஒட்டிய கயிறு ஒரு அரம். வருடக்கணக்கில் அது ஒரே பக்கத்தில் உரசினால் வாயின் வட்டம் முட்டை வடிவமாகிவிடும். குண்டு வெளியேறும்போது அதன் அடிப்பாகம் ஒரு பக்கம் முன்னதாகவும் மறுபக்கம் பின்னதாகவும் பேரலை விடும். பின்னால் தள்ளி வரும் வாயு அந்த இடைவெளியில் பீறிட்டுக் குண்டைச் சாய்த்துவிடும். மீதி எல்லாம் புத்தம் புதிதாக இருந்தாலும் அந்த ரைபிள் நேராகச் சுடாது.

எளிமையான சோதனை ஒன்று இருக்கிறது. மருந்தும் கேப்பும் இல்லாத, சோதனைக்கென்றே செய்த வெற்றுத் தோட்டாவைத் தலைகீழாகப் பிடித்து, குண்டு முனையைப் பேரல் வாயில் வைத்துப் பாருங்கள். பித்தளைக் கூட்டின் கழுத்துவரை உள்ளே போனால் வாய் தேய்ந்திருக்கிறது. கொஞ்சம் இடைவெளி விட்டு நின்றால் நல்லது. நின்ற பிறகு மெதுவாக அசைத்துப் பார்த்தால், ஒரு பக்கம் மட்டும் ஆட்டம் இருக்கிறதா என்று விரலுக்கே தெரியும்.

இதைவிடத் துல்லியமாக அறிய வேண்டுமானால் ஈயம்தான் வழி. மெல்லிய எண்ணெய் தடவிய பேரலுக்குள், அதன் உள்ளளவைவிடச் சற்றுப் பெரிய மெத்தென்ற ஈயத் துண்டைப் பித்தளைக் கம்பியால் தள்ளிக்கொண்டே போக வேண்டும். துப்பாக்கி வேலை தெரிந்தவர் கையில் இதைப் பார்ப்பது ஒரு பாடம். அவர் பேரலைப் பார்ப்பதில்லை, கம்பியை உணர்கிறார். நல்ல பேரலில் கம்பி ஒரே இறுக்கமாக நகரும், வாய்க்கு அருகில் இன்னும் கொஞ்சம் இறுகினால் இன்னும் நல்லது. நடுவில் சட்டென்று இலகுவாகி மறுபடி இறுகினால் அங்கே பேரல் உப்பியிருக்கிறது. கடைசி இரண்டு அங்குலத்தில் கம்பி வழுக்கிக்கொண்டு ஓடினால் வாய் போய்விட்டது. வெளியே வந்து விழும் ஈயத்தில் வரிகள் அச்சுப் போல் பதிந்திருக்கும், அதை மைக்ரோமீட்டரில் அளக்கலாம். பழைய பிரிட்டிஷ் ராணுவ ரைபிளான லீ-என்ஃபீல்டு போல வரிகள் ஐந்தாக இருந்தால் எதிரெதிரே வரி வராது. சாதாரண மைக்ரோமீட்டர் தப்பான அளவு காட்டும், மூன்று முனையில் பிடிக்கும் கருவி வேண்டும்.

பேரல் உப்புவதற்கு நம் ஊரில் ஒரு தனிக்காரணம் இருக்கிறது: குளவி. சுவரில் சாய்த்து வைத்த துப்பாக்கியின் வாயில் மண்குளவி கூடு கட்டிவிடும். அது காய்ந்தால் கல். பார்க்காமல் சுட்டால் குண்டு அதில் மோதும் இடத்தில் பேரல் மோதிரம் போட்டதுபோல் உப்பும், சில நேரம் வெடித்தே போகும். உள்ளே பார்க்கும்போது இருண்ட வளையம் ஒன்று தெரிந்தால், வெளியே அதே இடத்தில் இரண்டு விரலால் பேரலைப் பிடித்து மெல்ல வருடிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத மேடுகூட விரலுக்குத் தெரியும். அத்தகைய ரைபிளை எந்த விலைக்கும் வாங்கக் கூடாது.

வாய் மட்டும்தான் கெட்டிருக்கிறது, மீதி நன்றாக இருக்கிறது என்றால் சரிசெய்ய முடியும். ஆனால் பேரலை வெட்டிக் குறைப்பது, அது அரை அங்குலமாக இருந்தாலும், ஆயுதச் சட்டம் 1959ன் 6ம் பிரிவின்படி தனி லைசென்ஸ் இல்லாமல் செய்யக் கூடாத வேலை. பட்டறையில் கொடுத்து அறுத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். நீளத்தைக் குறைக்காமல், தேய்ந்த வரிகளை மட்டும் உட்புறமாகக் கடைந்து எடுத்து, நல்ல வரிகள் தொடங்கும் இடத்தில் புது விளிம்பு அமைக்கும் முறை உண்டு. அதுவும் உரிமம் பெற்ற துப்பாக்கி மெக்கானிக் செய்ய வேண்டியது.

கட்டைக்குக் கீழே

2011 டிசம்பர் 30ம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. 2015ல் கடலூர் மாவட்டமே வெள்ளத்தில் நின்றது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே வந்து நின்று கொட்டியது. இந்தப் பகுதி ரைபிளைப் பார்க்கும்போது இந்த மூன்றையும் மனதில் வைத்தே பார்க்க வேண்டும். தண்ணீரில் நனைந்த ரைபிளை வெளியே துடைத்து எண்ணெய் போட்டுப் பளபளக்க வைப்பது ஒரு மணி நேர வேலை. ரைபிளின் மரக்கட்டைக்கும் பேரலுக்கும் நடுவில் புகுந்த சேற்றுநீர் மட்டும் மாதக்கணக்கில் அங்கேயே இருக்கும்.

அதனால் பேரலையும், போல்ட் ஓடும் இரும்புப் பகுதியான ஆக்‌ஷனையும் கட்டையிலிருந்து கழற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள். விற்பவர் மறுத்தால் அதுவே ஒரு பதில். கட்டையின் விளிம்புக்கு மேலே நீலநிறப் பூச்சு மாசில்லாமல் இருக்கும், கீழே அதே இரும்பு செதில் செதிலாக உதிரும். இந்தக் காட்சியை நம் பக்கத்தில் அடிக்கடி காணலாம். கட்டை பெரும்பாலும் வால்நட் மரம். ஊறி, உப்பி, பிறகு சுருங்கினால் பேரலை ஒரு பக்கமாக நெருக்கும். அப்போது குளிர்ந்த பேரலில் ஒரு இடத்திலும், நாலு தோட்டா சுட்டுச் சூடானபின் வேறு இடத்திலும் குண்டு விழும். ஆக்‌ஷனின் வாலுக்குப் பின்னால் மரத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். பல வருட எண்ணெய் ஊறிக் கறுத்து மெத்தென்று ஆன மரம், பின்னுதைப்பைத் தாங்காமல் அங்கேதான் பிளக்கும்.

ஸ்க்ரூக்களின் வாய் பிய்ந்திருந்தால் யாரோ தெரியாதவர் கை வைத்திருக்கிறார். பேரலில் வெட்டிய எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருந்தால் தேய்த்து மறுபடி பூச்சு ஏற்றியிருக்கிறார்கள், அதன் அடியில் என்ன இருந்தது என்று கேட்க வேண்டும். சில வீடுகளில் கன் ஆயில் கிடைக்காமல் நல்லெண்ணெய் போட்டு வைத்திருப்பார்கள். அது போல்ட்டுக்குள் பிசினாக இறுகி, ஊசி மெதுவாகப் போய் அடிக்கும். கேப் வெடிக்காமல் போகும். பயப்பட ஒன்றுமில்லை, பிரித்துக் கழுவினால் சரியாகிவிடும்.

டெலஸ்கோப் இருந்தால் அதைத் தனியாகக் கழற்றி, வானத்தைப் பார்த்துப் பிடித்து, இரண்டு பக்கமும் கண்ணாடியைப் பாருங்கள். கடலோர வீட்டு கேமரா லென்ஸில் வரும் அதே சிலந்திவலைப் பூஞ்சை இதிலும் வரும். வந்துவிட்டால் ரைபிளின் விலையில் டெலஸ்கோப்புக்கு ஒரு பைசாவும் சேர்க்க வேண்டாம். ரைபிள் சரியில்லை என்று ஒதுக்கப்பட்ட பலவற்றில் தவறு, ஆட்டம் கண்ட டெலஸ்கோப் மவுன்ட்டில்தான் இருக்கும்.

எட்டு எம்.எம். என்றால் எந்த எட்டு?

துல்லியத்துக்கு முன்னால் உயிர் இருக்கிறது. இந்தியாவில் ராணுவத் தோட்டாவைத் தனியார் துப்பாக்கியில் பயன்படுத்தத் தடை இருந்ததால்தான் ராணுவ அளவான .303 (அங்குலக் கணக்கு) இங்கே வேட்டை ரைபிளாகப் பரவவில்லை. அதற்குப் பதிலாக லீ-என்ஃபீல்டு ஆக்‌ஷனில் 8×50 ஆர் மான்லிக்கர் தோட்டாவுக்குப் பேரல் போட்டு .315 என்று விற்றார்கள். இஷாப்பூர் தொழிற்சாலை செய்வதும் அதுதான். 1907ல் .450 ரைபிள்களுக்கும் தடை வந்தது, அதைச் சுற்றிப் போகத்தான் பிரிட்டிஷ் கம்பெனிகள் .470, .465 என்று புதுப்புது அளவுகளைக் கொண்டுவந்தன. இந்த வரலாற்றால் நம்மிடம் இருக்கும் ரைபிள்களில் அளவுகள் தாறுமாறாகக் கலந்து கிடக்கின்றன.

இதில் மிக ஆபத்தானது எட்டு எம்.எம். என்ற பொதுப்பெயர். .315ஐயும் எட்டு எம்.எம். என்கிறார்கள், ஜெர்மன் 8×57ஐயும் அப்படித்தான், பிரெஞ்சு லெபெல்லையும் அப்படித்தான். ஒன்றின் தோட்டா மற்றொன்றுக்கு ஆகாது. ஜெர்மன் 8×57லேயே இரண்டு உண்டு. பழையதில் குண்டின் அளவு 8.07 மில்லிமீட்டர், பிறகு வந்ததில் 8.20. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்குதான். ஆனால் பெரிய குண்டைச் சிறிய பேரலில் சுட்டால் அழுத்தம் எல்லை மீறும். லைசென்ஸில் எழுதியிருப்பதை நம்பி வாங்க வேண்டாம். அதை எழுதியவர் முன்பிருந்த லைசென்ஸைப் பார்த்து எழுதியிருப்பார். பேரலில் உள்ள முத்திரையைப் பாருங்கள், அதிலும் சந்தேகமிருந்தால் சேம்பரை வார்ப்பெடுத்து அளக்கச் சொல்லுங்கள்.

முத்திரைகள் நிறையச் சொல்லும். லண்டன், பர்மிங்காம் சோதனைக் கூடங்களின் கிரீட முத்திரையோடு பல பிரிட்டிஷ் ரைபிள்களில் 'கார்டைட் 60-400 மேக்ஸ்' என்பது போன்ற வரி இருக்கும். 60 கிரெய்ன் (சிறிய எடை அளவு) கார்டைட், 400 கிரெய்ன் குண்டு, அதற்கு மேல் போகாதே என்று பொருள். பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்து ரைபிளில் முட்டை வடிவத்துக்குள் ஈ.எல்.ஜி. இருக்கும். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சி 1954 நவம்பர் 1 வரை நடந்ததால் சேன்ட் எத்தியேன் முத்திரையும் கண்ணில் படும். கிரீடத்துக்குக் கீழே பி.டி. என்று இருந்தால் புகையில்லா மருந்துக்குச் சோதிக்கப்பட்டது. அந்த மாதிரி எதுவும் இல்லாத பழைய பேரலை, கரிமருந்துக் காலத்தது என்று எடுத்துக்கொண்டு இன்றைய தோட்டாவைச் சுடாமல் இருப்பதே நல்லது.

சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூடு கிடைத்தால் அதை விடாதீர்கள். அடியிலிருந்து ஒரு விரற்கடை மேலே பளிச்சென்று ஒரு வளையம் தெரிந்தால், கூடு அந்த இடத்தில் இழுபட்டு மெலிந்திருக்கிறது. போல்ட் மூடும் இடத்துக்கும் தோட்டாவின் அடிக்கும் நடுவில் இடைவெளி கூடிவிட்டது என்பதன் அடையாளம் அது. லீ-என்ஃபீல்டு வகையில் போல்ட்டைப் பூட்டும் இரும்பு முனைப்புகள் பின்பக்கம் இருப்பதால் சுடும்போது கொஞ்சம் நீட்சி இயல்பாகவே இருக்கும். ஜெர்மன் ரைபிளான மவுசர் 98ல் அவை முன்னால், சேம்பரை ஒட்டியே இருப்பதால் அவ்வளவு இருக்காது. வளையம் தெளிவாகத் தெரிந்தால் அந்த இடைவெளியைக் கேஜ் வைத்து அளக்காமல் அடுத்த தோட்டாவைச் சுடக் கூடாது.

சுட்டுப் பார்ப்பது

மூன்று குண்டைச் சுட்டு, மூன்றும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் விழுந்த தாளைக் காட்டி ரைபிள் விற்பது உலக வழக்கம். அந்தத் தாள் பொய்யில்லை, ஆனால் அது சொல்வது மிகக் குறைவு. ஒரே ரைபிள், ஒரே தோட்டா, ஒரே ஆள் என்றாலும் குண்டுகள் ஒரு மையத்தைச் சுற்றிச் சிதறத்தான் செய்யும். எத்தனை சுடுகிறோமோ அந்த அளவுக்குச் சிதறலின் முழு அகலம் வெளியே தெரியும். கணக்குப்படி, பத்துக் குண்டில் சராசரியாக 8 சென்டிமீட்டர் விரியும் ரைபிள், மூன்று குண்டில் சராசரியாக 5 சென்டிமீட்டர்தான் காட்டும். அதிலும் பல தடவை சுட்டு, நன்றாக வந்த ஒரு மூன்றை மட்டும் எடுத்துக் காட்டினால் 2, 3 சென்டிமீட்டர்கூட வரும்.

பழைய தோட்டாக்கள் விலையும் அதிகம், கிடைப்பதும் அரிது, அதனால் பத்துப் பத்தாகச் சுட முடியாது என்பது நியாயமான பேச்சு. அதற்கு ஒரு வழி: மூன்று மூன்றாக வெவ்வேறு நாளில் சுட்டு, தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக, குறிவைத்த புள்ளி பொருந்தும்படி அடுக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒவ்வொரு நாளும் சின்ன கூட்டம், ஆனால் நாளுக்கு நாள் இடம் மாறுகிறது என்றால் கட்டை ஈரத்துக்கு ஏற்ப நகர்கிறது. மேலும் கீழுமாக நீளுகிறது என்றால் பேரல் சூடாகிக் கட்டையை நெருக்குகிறது, அல்லது தோட்டா ஒரே வேகத்தில் போகவில்லை. காரணமே இல்லாமல் தாறுமாறாகச் சிதறுகிறது என்றால் மறுபடி வாயைப் பாருங்கள்.

அளவுகோலையும் நியாயமாக வைக்க வேண்டும். துல்லியத்தைச் சொல்லும் கோண அளவான ஒரு எம்.ஓ.ஏ. என்பது 100 மீட்டரில் 2.9 சென்டிமீட்டர். இன்றைய புது ரைபிளிடம் அதைக் கேட்கிறார்கள், சரி. அந்தக் காலத்து ரைபிள் பரணிலிருந்து ஐம்பது, அறுபது கெஜத்தில் சுடச் செய்யப்பட்டது. திறந்த குறிமுனையோடு 100 மீட்டரில் 8, 9 சென்டிமீட்டருக்குள் நிற்கிற .315ஐ நல்ல ரைபிள் என்றே சொல்வேன். செக் நாட்டு ப்ரனோ .22 போன்றவற்றிடம் 50 மீட்டரில் இதைவிட மிகச் சிறிய சிதறலைத்தான் எதிர்பார்க்க வேண்டும். குளிர்ந்த, எண்ணெயில்லாத பேரலில் முதல் குண்டு எங்கே விழுகிறது, நாளை மறுநாளும் அங்கேயே விழுகிறதா என்பதுதான் என் கண்ணுக்கு முக்கியம்.

இரட்டைப் பேரல் ரைபிளுக்கு இந்த முறை ஆகாது. அதில் இரண்டு பேரலையும் ஒரே இடத்தில் சுடும்படி, ஒரு குறிப்பிட்ட தோட்டாவை வைத்துச் செய்தவர் ஒட்டியிருக்கிறார். வேறு வேகத் தோட்டாவைப் போட்டால் இரண்டும் பிரிந்துவிடும், அது ரைபிளின் குற்றமில்லை. வெயில் ஏறினால் கார்டைட்டின் அழுத்தமும் ஏறும் என்பதால்தான் அந்தக் காலத்தில் வெப்ப நாடுகளுக்கென்று குறைந்த மருந்துத் தோட்டா தனியாகச் செய்தார்கள். வாங்கும் முன் பேரல்களை மட்டும் கழற்றி, அடிக்கொக்கியில் விரலை மாட்டித் தொங்கவிட்டு, நகத்தால் தட்டிப் பாருங்கள். கணீரென்று நீண்டு ஒலித்தால் நடுப்பட்டையின் ஈயப்பற்று உறுதியாக இருக்கிறது. மொத்தென்று அடங்கினால் எங்கோ விட்டிருக்கிறது, ஈரமும் உள்ளே போயிருக்கும்.

சுட்டுப் பார்ப்பது உரிமம் பெற்ற ரேஞ்சில், லைசென்ஸ் உள்ளவர் கையில்தான் நடக்க வேண்டும். முடிவெடுத்த பிறகு ஆக்‌ஷனிலும் பேரலிலும் போல்ட்டிலும் இருக்கும் எண்கள் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா, அவை லைசென்ஸில் எழுதியிருக்கும் எண்தானா என்று பாருங்கள். எண் மாறிய போல்ட் என்றால் பூட்டும் இடைவெளியை மறுபடி அளந்தே ஆக வேண்டும்.

வாங்கிய ரைபிளைத் தோல் உறையிலோ கான்வாஸ் உறையிலோ நீண்ட நாள் வைக்க வேண்டாம், இரண்டுமே ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு தேர்தலுக்கும் காவல் நிலையத்திலோ டீலரிடமோ ஒப்படைக்கச் சொல்வார்கள், அப்போது ரைபிள் எத்தனை வாரம் யார் அலமாரியில் நிற்கும் என்று நம் கையில் இல்லை. கொடுப்பதற்கு முன் பேரலுக்குள் கனமான எண்ணெய் விட்டு, வாயில் துணி அடைக்காமல், ரசீதில் எண்ணோடு ரைபிளின் நிலையையும் எழுதி வாங்குங்கள். திரும்பி வந்த அன்றே எண்ணெயைத் துடைத்து உள்ளே பாருங்கள். குளவி கட்டியிருக்கிறதா என்பதையும் சேர்த்துத்தான்.